படை போனது, பணம் போகவில்லை: சி.எஃப்.ஏ. பிராங்கை விடுவது ஏன் இத்தனை சிக்கல்?

கேள்வி இது: மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் பிரெஞ்சுப் படையை வெளியேற்றிவிட்டன. பிரெஞ்சுத் தூதர்களைத் திருப்பி அனுப்பின. 2025 ஜனவரி 29 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஈகோவாஸ் கூட்டமைப்பிலிருந்தும் விலகிவிட்டன. ஆனால் காலனிக் காலத்தில் பிறந்த சி.எஃப்.ஏ. பிராங்கை மட்டும் இன்னும் புழங்குகின்றன. ஏன்? பிரான்ஸ் விடமாட்டேன் என்கிறதா?

பிரான்ஸ் கழுத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது பாதிக் கதை. அதுவும் பழைய பாதி. மேற்கு ஆப்பிரிக்க நாணய ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலேயே விலகும் வழி எழுதியிருக்கிறது. ஓர் உறுப்பு நாடு அறிவிப்புக் கொடுத்தால் 180 நாளில் அது வெளியே. அதற்குப் பாரிஸின் கையெழுத்து தேவையில்லை. இன்று இந்த மூன்று நாடுகளையும் இழுத்துப் பிடித்திருப்பவை ஐவரி கோஸ்டின் அபிஜான், செனகலின் டாக்கர், டோகோவின் லோமே நகரங்களின் வங்கிகளும் துறைமுகங்களும். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன் இந்தப் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். இணையத்தில் சுற்றும் தகவல்களில் பெரும்பாலானவை 2019க்கு முந்தைய நிலவரம். சில எப்போதுமே உண்மையாக இருந்ததில்லை.

சி.எஃப்.ஏ. பிராங்க் என்ற ஒரே பெயரில் இரண்டு பணம் இருக்கிறது. மேற்கில் பெனின், புர்கினா பாசோ, ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், மாலி, நைஜர், செனகல், டோகோ என எட்டு நாடுகளுக்கு ஒன்று. அதன் மத்திய வங்கி டாக்கரில். மத்திய ஆப்பிரிக்காவில் கேமரூன், சாட், காங்கோ குடியரசு, காபோன், ஈக்குவடோரியல் கினி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என ஆறு நாடுகளுக்கு இன்னொன்று. அதன் மத்திய வங்கி யவுண்டேயில். மதிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனாலும் டாக்கரில் வாங்கிய நோட்டைக் கேமரூனின் டுவாலா கடைத்தெருவில் நீட்டினால் வாங்கமாட்டார்கள். 1993 முதல் இரு மண்டலங்களின் நோட்டுகளும் ஒன்றுக்கொன்று செல்லாது. டாக்கரிலிருந்து டுவாலாவுக்குப் பணம் அனுப்பினால் அது யூரோவாக மாறித்தான் போய்ச் சேரும், இரண்டு முறை கட்டணத்தோடு.

மதிப்பு: 1 யூரோவுக்கு 655.957 பிராங்க். ஏன் இந்த விசித்திரமான எண்? 1994க்குப் பிறகு 1 பிரெஞ்சு பிராங்குக்கு 100 சி.எஃப்.ஏ. பிராங்க் என்று இருந்தது. 1999இல் யூரோ வந்தபோது 1 யூரோ 6.55957 பிரெஞ்சு பிராங்க் என்று நிர்ணயித்தார்கள். நூறால் பெருக்கியதுதான் இது. பிரெஞ்சு பிராங்கே செத்துக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அதன் மாற்று விகிதம் மட்டும் ஆப்பிரிக்காவில் உயிரோடு இருக்கிறது.

1945 டிசம்பர் 26 அன்று தொடங்கிய இந்த ஏற்பாடு நான்கு கால்களில் நின்றது. மாற்று விகிதம் நிலையானது. எவ்வளவு கேட்டாலும் வெளிநாட்டுப் பணமாக மாற்றித் தர பிரெஞ்சுக் கருவூலம் உத்தரவாதம். மண்டலத்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே பணம் தடையின்றிப் போகலாம். நான்காவது, அந்த உத்தரவாதத்துக்கு ஈடாக, நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஒரு பங்கைப் பாரிஸில் 'செயல்பாட்டுக் கணக்கு' என்ற கணக்கில் போட்டு வைக்க வேண்டும். முதலில் முழுவதையும் போட வேண்டியிருந்தது. 1973க்குப் பிறகு 65 சதவீதம். 2005 வாக்கில் மேற்கு மண்டலத்துக்கு 50 சதவீதமாகக் குறைந்தது.

இந்தக் கணக்கைப் பற்றித்தான் 'ஆண்டுக்கு 500 பில்லியன் டாலரை பிரான்ஸ் சுருட்டுகிறது' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே அது உடைந்துவிடும். பதினான்கு நாடுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தியையும் கூட்டினால்கூட 500 பில்லியன் டாலர் வராது. மேற்கு மண்டலத்தின் கணக்கை மூடியபோது 2021இல் திரும்பி வந்தது சுமார் 5 பில்லியன் யூரோ. அந்தப் பணத்துக்கு வட்டியும் கொடுக்கப்பட்டு வந்தது. கொள்ளை என்று சொல்ல இங்கே பெரிய தொகை இல்லை. தன் சேமிப்பை எங்கே, எப்படி வைப்பது என்ற முடிவு அந்த நாடுகளின் கையில் இல்லை என்பதுதான் நியாயமான புகார். தொகையைப் பெரிதாக்கிச் சொல்கிறவர்கள் அந்த நல்ல வாதத்தையே கெடுக்கிறார்கள்.

2019 டிசம்பர் 21 அன்று அபிஜானில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் ஐவரி கோஸ்ட் அதிபர் வட்டாராவும் சேர்ந்து நின்று சீர்திருத்தம் அறிவித்தார்கள். மேற்கு மண்டலம் இனிப் பாரிஸில் பணம் போட வேண்டாம். டாக்கர் மத்திய வங்கியின் நிர்வாகக் குழுவிலிருந்து பிரெஞ்சுப் பிரதிநிதிகள் விலகுவார்கள். பணத்தின் பெயர் 'ஈகோ' ஆகும். முதல் இரண்டும் நடந்தன. பெயர் இன்றுவரை மாறவில்லை. மத்திய ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளுக்கு எதுவுமே மாறவில்லை; அவர்களுடைய பாதிக் கையிருப்பு இன்னும் பாரிஸில்தான். மேற்கிலும் ஓர் ஓட்டை வைத்திருக்கிறார்கள்: புழக்கத்தில் உள்ள பணம் உள்ளிட்ட உடனடிப் பொறுப்புகளுக்கு ஈடான கையிருப்பு 20 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால், நாணயக் கொள்கைக் குழுவில் பிரான்ஸ் தன் ஆளை மீண்டும் உட்கார வைக்கலாம். உத்தரவாதம் கொடுப்பவர் நெருக்கடி வந்தால் கணக்கைப் பார்க்க வருவேன் என்கிறார். கடன் கொடுத்தவர் எவரும் கேட்பதுதான்; ஆனால் கேட்பவர் பழைய எசமானர். நோட்டுகள் இன்னும் பிரான்ஸின் சாமாலியேரில் அச்சாகின்றன, நாணயங்கள் பெசாக்கில். இது கண்ணை உறுத்தும் விஷயம். பொருளாதாரத்தில் இதன் எடை குறைவு. வேறு பல நாடுகளும் வெளிநாட்டு அச்சகங்களில்தான் நோட்டு அடிக்கின்றன.

எடை முழுவதும் யூரோவோடு கட்டிய முடிச்சில் இருக்கிறது. அதை 2019 தொடவே இல்லை.

ஒரு கணக்கு. 2008 ஜூலையில் 1 யூரோ 1.60 டாலர். அப்போது 1 டாலருக்கு சுமார் 410 சி.எஃப்.ஏ. பிராங்க். 2022இல் யூரோவும் டாலரும் சமமான நாட்களில் அதே 1 டாலருக்கு 656. மாலியிலோ புர்கினா பாசோவிலோ பருத்தி போடுகிறவரின் சரக்கு உலகச் சந்தையில் டாலரில் விற்கிறது. பருத்தி விலை டாலரில் ஒரு காசுகூட அசையாமல் இருந்தாலும் அவர் பக்கம் வரும் பிராங்க் 410க்கும் 656க்கும் இடையே ஆடுகிறது. காரணம் அவர் நாட்டில் நடந்த எதுவுமில்லை. பிராங்பர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கி ஜெர்மனியையும் இத்தாலியையும் பார்த்து வட்டியை ஏற்றுகிறது, இறக்குகிறது; புர்கினாவின் தலைநகர் வாகாடூகூ அதன்பின்னே போகிறது. தூத்துக்குடியில் வந்திறங்கிப் பண்ருட்டிப் பக்கத்து ஆலைகளில் உடைபடும் மேற்கு ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டைக்கும் இதே கதைதான்: இறக்குமதியாளர் டாலரில் பேரம் பேசுகிறார், ஐவரி கோஸ்ட் விவசாயிக்கு அரசு நிர்ணயித்த கொள்முதல் விலை பிராங்கில், 2024இல் கிலோவுக்கு 275, 2025இல் 425. நடுவில் இருக்கிற மாற்று விகிதம் இருவர் கையிலும் இல்லை.

யூரோ வலுத்திருக்கும்போது யாருக்கு லாபம்? இறக்குமதிப் பொருள் வாங்குகிறவர்களுக்கு. டாக்கரில் தாய்லாந்து அரிசியும் இந்திய நொய்யும், ஐரோப்பியப் பால்பவுடரும் மலிவாகக் கிடைக்கின்றன. அதே காரணத்தால் செனகல் ஆற்றுப் படுகையில் விளையும் அரிசி அதோடு போட்டி போட முடிவதில்லை. நகரத்துக்கு நல்லது, வயலுக்குக் கெட்டது. பிள்ளைகளைப் பாரிஸில் படிக்க வைக்கும் மேல்தட்டுக்கு ரொம்பவே நல்லது. பணத்தை எந்த நேரமும் யூரோவாக்கி வெளியே கொண்டுபோகலாம் என்ற வசதி முதலீட்டாளரை ஈர்க்க வந்தது. அது ஊழல் பணத்துக்கும் நல்ல கதவு.

சரி, விகிதத்தை ஒருமுறை மாற்றிவிட்டால் போதாதா என்றால், அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1980களில் கோகோ, காப்பி, பருத்தி விலை எல்லாம் விழுந்தும் 1948இல் வைத்த விகிதம் அசையாமல் இருந்தது. ஐவரி கோஸ்டின் அதிபர் ஊஃபுவே-புவாஞி உயிரோடு இருந்தவரை அதைத் தொடவிடவில்லை. அவர் 1993 டிசம்பர் 7 அன்று இறந்தார். 1994 ஜனவரி 11 இரவு டாக்கரில் ஆப்பிரிக்கத் தலைவர்கள், பிரெஞ்சு அமைச்சர், ஐ.எம்.எஃப். தலைவர் கம்தெஸ்யூ எல்லோரும் கூடியிருக்க அறிவிப்பு வந்தது: மறுநாள் முதல் சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு பாதி. இறக்குமதி மருந்தின் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. சம்பளம் அப்படியே நின்றது. ஏற்றுமதி நாடுகள் இரண்டு மூன்று ஆண்டில் தலைதூக்கின, குறிப்பாக ஐவரி கோஸ்ட். ஆனால் அந்த இரவின் நினைவு இன்னும் போகவில்லை. 2016 டிசம்பரில் எண்ணெய் விலைச் சரிவால் மத்திய ஆப்பிரிக்கா திண்டாடியபோது யவுண்டேயில் கூடிய தலைவர்கள் எதை ஒத்துக்கொண்டாலும் மதிப்புக் குறைப்பு மட்டும் வேண்டாம் என்று முடித்ததற்கு 1994தான் காரணம்.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. கானாவுக்குத் தன் சொந்தப் பணம் செடி. 2022 டிசம்பரில் அங்கே பணவீக்கம் 54.1 சதவீதம், அந்த ஆண்டு மேற்கு சி.எஃப்.ஏ. மண்டலத்தில் சராசரி 7.4. நைஜீரியா 2023 ஜூனில் நைராவை அவிழ்த்துவிட்டது. டாலருக்கு 460 சொச்சமாக இருந்தது அடுத்த ஆண்டில் 1,500ஐத் தாண்டியது. 2024 டிசம்பரில் பணவீக்கம் 34.8 சதவீதம். செடி விழுந்த காலத்தில் கானாவின் கோகோ மூட்டைகள் எல்லை தாண்டி ஐவரி கோஸ்டுக்கும் டோகோவுக்கும் கடத்தப்பட்டன. அந்தப் பக்கம் கிடைக்கும் பிராங்க் நாளைக்கும் பிராங்காக இருக்கும் என்பது விவசாயிக்குத் தெரியும். நாணயச் சுதந்திரம் பேசும் எவரும் இந்தக் கடத்தல்காரனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முன்பு விலகியவர்களின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கினி 1958இல், காலனிகளைப் பிரான்ஸோடு ஒரே கூட்டமைப்பில் வைத்துக்கொள்ளும் பிரெஞ்சுத் தலைவர் டி கோலின் திட்டத்துக்கு 'வேண்டாம்' என்று வாக்களித்து விடுதலை பெற்றது. 1960 மார்ச்சில் சொந்தப் பணம் அடித்தது. பிரெஞ்சு உளவுத்துறை கள்ளநோட்டு அடித்து உள்ளே கொட்டியது. பிற்காலத்தில் பொறுப்பிலிருந்தவர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது. மாலி 1962 ஜூலை 1 அன்று மாலி பிராங்கைக் கொண்டுவந்தது. மூன்றாம் வாரத்திலேயே தலைநகர் பமாகோவின் வணிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வியாபாரம் டாக்கர், அபிஜான் வழியாக. அங்கே இந்த நோட்டை யாரும் தொடவில்லை. அரசு போராட்டத்தை அடக்கியது. சதி என்று குற்றம் சாட்டப்பட்டு ஃபிலி டாபோ சிசோகோ உள்ளிட்ட மூன்று தலைவர்கள் கிடால் சிறைப்பகுதியில் 1964இல் இறந்தார்கள். பணம் சரிந்துகொண்டே போனது. 1967இல் பாதியாகக் குறைத்தார்கள். 1984 ஜூனில் 2 மாலி பிராங்குக்கு 1 சி.எஃப்.ஏ. பிராங்க் என்று மீண்டும் உள்ளே வந்தார்கள். மாலியின் இன்றைய ஆட்சியாளர்கள் இதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள். பிரெஞ்சுச் சதி என்று கினியைச் சொல்லிவிடலாம். மாலியின் தோல்வியில் பெரும்பங்கு உள்நாட்டுத் தயாரிப்பு. வரவை மிஞ்சிய செலவுக்கு நோட்டு அடித்தார்கள்.

விலகி நிலைத்த நாடு மொரித்தானியா. 1973இல் ஊகியா வந்தது; இன்றும் இருக்கிறது. அதற்குச் சொந்தக் கடற்கரை இருந்தது. இரும்புத்தாது ஏற்றுமதி நேரே வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்தது. அரபு நாடுகள் தொடக்கத்தில் கைகொடுத்தன. இந்த மூன்றில் முதலாவது மாலிக்கும் புர்கினாவுக்கும் நைஜருக்கும் ஒருபோதும் வராது.

இனி, இன்று விலகினால் என்னென்ன நடக்கும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். முதல் தடுமாற்றமே அந்த 180 நாள். அறிவித்த மறுநொடி மக்கள் வங்கிக்கு ஓடுவார்கள். புதுப்பணம் மதிப்பிழக்கும் என்று எவருக்கும் தோன்றும். கையிலிருக்கும் பிராங்கை எடுத்து வைத்துக்கொள்வதே புத்தி. எனவே உண்மையில் விலகும் அரசு ஒரு வெள்ளிக்கிழமை இரவு வங்கிகளை மூடி, எல்லையில் காவல் போட்டு, திங்கட்கிழமை புதுநோட்டோடு திறக்க வேண்டும். அதற்குள் நோட்டு அச்சாகி வந்திருக்க வேண்டும். அச்சகத்துக்குக் கொடுத்தால் மாதக்கணக்கில் ஆகும் வேலை, அதுவும் யாருக்கும் தெரியாமல்.

எந்த நோட்டை மாற்றிக் கொடுப்பது என்பது அடுத்தது. மேற்கு மண்டல நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் வரிசை எண்ணோடு ஓர் எழுத்து இருக்கும்: ஏ என்றால் ஐவரி கோஸ்ட், கே என்றால் செனகல், ஹெச் என்றால் நைஜர். எந்த நாட்டுக் கிளைக்காக வெளியிட்டது என்பதற்கான அடையாளம். ஆனால் நோட்டு எழுத்தைப் பார்த்து நடமாடுவதில்லை. நைஜரின் தலைநகர் நியாமேயின் சந்தையில் ஒருவர் மடியில் இருப்பதில் பாதி ஏ எழுத்து நோட்டாக இருக்கலாம், ஏனென்றால் அண்ணனோ தம்பியோ அபிஜானில் வேலை செய்கிறார். ஐவரி கோஸ்டில் பல லட்சம் புர்கினாக்காரர்களும் மாலிக்காரர்களும் கோகோத் தோட்டத்திலும் கட்டடத்திலும் கடையிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் இன்று ஊருக்குள் அனுப்புவது போல, கைப்பேசியில் வேவ், ஆரஞ்ச் மணி வழியாக, மாற்றுக் கட்டணம் இல்லாமல் போகிறது. வேவ் எடுப்பது அனுப்புகிற தொகையில் 1 சதவீதம். டாக்கர் மத்திய வங்கி 2025 செப்டம்பர் 30 அன்று வங்கிகளையும் கைப்பேசிப் பணத்தையும் உடனடியாக இணைக்கும் பொதுத் தளத்தைத் தொடங்கியிருக்கிறது. விலகும் நாட்டின் கைப்பேசிப் பணமெல்லாம் அன்றிரவே வேறு நாணயமாகப் பிரிக்கப்பட வேண்டும்.

கடன்தான் எல்லாவற்றிலும் கனமானது, வெளியே குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். இந்த அரசுகள் தங்கள் பற்றாக்குறையைப் பெருமளவு மண்டலச் சந்தையில், பிராங்கில் கடன்பத்திரம் விற்றுத்தான் நிரப்புகின்றன. வாங்குவது யார்? அபிஜான், டாக்கர், லோமே, பெனினின் கொத்தனூ ஆகிய நகரங்களில் இருக்கும் வணிக வங்கிகள். அவை அந்தப் பத்திரத்தை டாக்கர் மத்திய வங்கியில் அடகு வைத்து, வாராவாரம் குறைந்த வட்டிக்குப் பணம் எடுத்துக்கொள்ளும். மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2025 ஜூனில் 3.25 சதவீதமாக இருந்தது, அரசுப் பத்திரம் தருவது அதைவிட எவ்வளவோ கூட. நடுவில் நிற்கிற வித்தியாசம் வங்கிக்கு லாபம், அரசுக்கு ஓயாத பணவரத்து. நைஜர் விலகினால் அதன் பத்திரத்தை டாக்கர் அடகுக்கு எடுக்காது. புதிதாக யாரும் வாங்கவும் மாட்டார்கள். பழைய கடனோ இனி அந்நிய நாணயக் கடன். புதுப்பணம் பிராங்குக்கு எதிராக 30 சதவீதம் விழுந்தால் 1,000 கடன் 1,429 ஆகும். அதாவது உட்கார்ந்த இடத்திலேயே 43 சதவீதம் கூடுதல். கட்டமாட்டேன் என்றால் அண்டை நாட்டு வங்கிகள் ஆட்டம் காணும்; அந்த வங்கிகளின் கிளைகள்தான் நியாமேயிலும் பமாகோவிலும் இருக்கின்றன.

கையிருப்பும் பொதுப்பெட்டிதான். எட்டு நாடுகளின் வெளிநாட்டுப் பணமும் கூட்டுக்குடும்பத்து இரும்புப்பெட்டியில் இருப்பது போல ஒரே இடத்தில் இருக்கிறது. யார் அதிகம் கொண்டுவந்தார், யார் அதிகம் எடுத்தார் என்பது உள்ளே ஓடும் கணக்கு. 2023இல் அந்தப் பெட்டி இளைத்தது. 2024 ஜனவரியில் ஐவரி கோஸ்ட் சர்வதேசச் சந்தையில் 2.6 பில்லியன் டாலர் கடன் எடுத்தது. பிப்ரவரியில் பெனின் 750 மில்லியன். அந்த டாலர் டாக்கருக்கு வந்ததும் மாலியின் எரிபொருள் இறக்குமதிக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. வட்டாராவைப் பாரிஸின் ஆள் என்று வானொலியில் திட்டிக்கொண்டே அவர் வாங்கிய கடனின் நிழலில் நிற்பது மூன்று இராணுவ ஆட்சிகளுக்கும் தெரியாமல் இல்லை. பெட்டியைப் பிரிப்பது என்று வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதே முதல் சண்டையாக இருக்கும்.

எரிபொருள் என்றதும் துறைமுகம். கடலில்லாத மூன்று நாடுகளின் சரக்கும் டாக்கர், அபிஜான், லோமே, கொத்தனூ வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. நான்கும் சி.எஃப்.ஏ. துறைமுகங்கள். லாரி வாடகை, சுங்கம், கிடங்குக் கூலி, டீசல் எல்லாம் பிராங்கில். நைஜர் தன் எண்ணெயை ஏற்றுமதி செய்வதே பெனின் கடற்கரைக்குப் போகும் சுமார் 2,000 கிலோமீட்டர் குழாய் வழியாக. 1962இல் பமாகோ வணிகர்கள் கத்தியது எதற்காகவோ, அந்தப் பாதை இன்றும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவையும் படித்தால் விலகாமல் இருப்பதே அறிவு என்று தோன்றும். ஆனால் உள்ளே இருப்பதற்கும் விலை உண்டு. அதை இந்த ஆட்சிகள் நேரடியாகக் கொடுத்திருக்கின்றன. 2010-11இல் ஐவரி கோஸ்டில் தேர்தல் தகராறு வந்தபோது டாக்கர் மத்திய வங்கி, பதவியை விட மறுத்த அதிபர் பாக்போவின் கையெழுத்தை ஏற்க மறுத்து, எதிர்த்து நின்ற வட்டாராவின் கையெழுத்தை ஏற்றது. பாக்போவுக்கு வேண்டியவரான ஆளுநர் பதவி விலக நேர்ந்தது. 2011 பிப்ரவரியில் அபிஜானின் பெரிய வங்கிகள் கதவடைத்தன. ஏப்ரல் 11 அன்று பாக்போ கைது. 2022 ஜனவரி 9 அன்று மாலிக்கு அதே மருந்து: அரசின் கணக்குகள் முடக்கம், மண்டலச் சந்தையில் கடன் வாங்கத் தடை. கையில் பணம் இருந்தும் மாலி தவணை கட்ட முடியாமல் தவறியது. ஒன்றியத்தின் நீதிமன்றமே மார்ச்சில் தடையை நிறுத்திவைக்கச் சொல்லியும் ஜூலை 3 வரை அது நீடித்தது. 2023 ஜூலை 26 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு நைஜருக்கு இன்னும் கடுமையாக. நியாமே வங்கிகளில் நோட்டே தட்டுப்பாடு; எடுக்கும் தொகைக்கு வரம்பு; அரசு தன் ஆண்டுச் செலவுத் திட்டத்தை 40 சதவீதம் வெட்டியது. 2024 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது.

இந்த மூன்று நிகழ்வுகளிலும் சுவிட்சைப் போட்டவர்கள் ஆப்பிரிக்கத் தலைவர்களின் மாநாடு. பாரிஸ் அதை விரும்பியது என்பது வேறு விஷயம். பொதுப்பணம் வைத்திருக்கும் நாட்டின் கழுத்தை அண்டை வீட்டார் பிடிக்கலாம் என்பதை நியாமேயும் பமாகோவும் கற்றுக்கொண்டது அப்போதுதான். பணத்தை மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொல்வதில் முழக்கமும் இருக்கிறது, இந்த அனுபவமும் இருக்கிறது. பிரான்ஸைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்கிறார்கள்? ஈகோவாஸை விட்டாலும் எட்டு நாட்டு நாணய ஒன்றியத்துக்குள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து அமைத்த சஹேல் நாடுகள் கூட்டமைப்புக்குத் தனிக் கடவுச்சீட்டு அடித்தார்கள். 2025 மார்ச் முதல் வெளியிலிருந்து வரும் சரக்குக்கு 0.5 சதவீதத் தீர்வை போட்டார்கள். சொந்த முதலீட்டு வங்கி ஒன்றையும் அமைக்கிறார்கள். அந்த வங்கிக்கு நிர்ணயித்த மூலதனம் 50,000 கோடி. எந்தப் பணத்தில்? சி.எஃப்.ஏ. பிராங்கில்தான். தங்கம் விலை ஏறியிருப்பது மாலிக்கும் புர்கினாவுக்கும் கைகொடுக்கிறது. சுரங்கச் சட்டங்களை இறுக்கி அரசின் பங்கைக் கூட்டியிருக்கிறார்கள். சொந்தப் பணத்துக்குத் தங்கத்தை அடித்தளமாக்கலாம் என்ற பேச்சு அங்கே அடிக்கடி வரும். ஆனால் சுரங்கத்திலிருந்து ஏற்றுமதியாகும் தங்கம் வேறு, மத்திய வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் தங்கம் வேறு. முதலாவது ஏற்கெனவே அரிசிக்கும் டீசலுக்கும் ஆயுதத்துக்கும் செலவாகிவிடுகிறது. மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரே பணம் வைப்பதிலும் ஒரு சிக்கல்: தங்கம் விழுந்தால் இரண்டு நாட்டுக்கு ஒரே நாளில் அடி, மழை தவறினால் மூன்றுக்கும். இன்றைய மண்டலத்தில் ஐவரி கோஸ்டின் கோகோ அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது.

செனகல் இன்னொரு பாடம். அங்கே சோன்கோ என்ற தலைவரின் கட்சி சி.எஃப்.ஏ. பிராங்கை எதிர்த்தே வளர்ந்தது; 2024 மார்ச்சில் அதே அணியின் ஃபாய் அதிபர் தேர்தலில் வென்றார். தேர்தல் நெருங்கியபோதே 'முதலில் மண்டல அளவில் முயல்வோம்' என்று குரல் தணிந்தது. பதவிக்கு வந்து கணக்கைத் திறந்தால் முந்தைய ஆட்சி மறைத்த கடன். தணிக்கை நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொன்னபடி 2023 இறுதியிலேயே நாட்டின் மொத்தக் கடன் உற்பத்தியின் 99.67 சதவீதம். யூரோவிலும் டாலரிலும் இவ்வளவு கடனை வைத்துக்கொண்டு சொந்தப் பணத்தின் மதிப்பைக் குறைத்தால் கடன் தானாக வீங்கும். நாணயச் சுதந்திரம் வேண்டும் என்று வந்த அரசுக்கு இப்போது அதை நினைக்கவே நேரமில்லை.

ஈகோவாஸின் பொதுப்பணம் 'ஈகோ' 2020இலிருந்து 2027க்குத் தள்ளிப்போனது. பற்றாக்குறை உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், கடன் 70 சதவீதத்துக்குள் என்று நிபந்தனைகள். நைஜீரியா சேர்ந்தால் அதுவே மண்டலப் பொருளாதாரத்தின் பெரும்பகுதி, மற்றவர்கள் நைராவின் வாலில் தொங்க வேண்டும். சேராவிட்டால் ஈகோவுக்கு எடையில்லை. 2027இல் வரும் என்று நம்பக் காரணம் எதுவும் கண்ணில் படவில்லை.

மூன்று நாடுகளும் நிஜமாகவே கிளம்புகின்றனவா என்று கவனிக்க விரும்பினால் தலைவர்களின் பேச்சை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள். மண்டலச் சந்தையில் அவர்கள் விற்கும் பத்திரங்களின் காலம் குறைகிறதா, ஐந்து ஆண்டுப் பத்திரத்தை வாங்க ஆளில்லாமல் ஓராண்டுப் பத்திரமாகச் சுருங்குகிறதா? அபிஜான் வங்கிகளுக்குத்தான் முதலில் மூக்கு வேர்க்கும். அரசு, சுரங்க நிறுவனங்களிடம் வரியைப் பணமாக வாங்காமல் தங்கக் கட்டியாக வாங்கிச் சேர்க்கத் தொடங்குகிறதா? பமாகோ, வாகாடூகூ, நியாமேயில் டாக்கர் வங்கியின் கிளைக் கட்டடங்களும் பெட்டகங்களும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களைத் தனி நிறுவனமாக மாற்றும் சட்டம் ஏதாவது தயாராகிறதா? துறைமுகச் செலவுக்கு டோகோவோடோ மொரித்தானியாவோடோ தனி ஒப்பந்தம் போடுகிறார்களா? இவற்றில் இரண்டு சேர்ந்து நடந்தால், அடுத்த நீண்ட வார இறுதியில் நியாமேயில் இருப்பவர்கள் கைச்செலவுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.